கணினி கொடுப்பது எளிது, ஆளைக் கொடுப்பதுதான் கடினம்

திறமையான ஆட்கள் கிடைப்பதில்லை என்று குறைப்பட்டுக்கொள்ளும் தொழில் முனைவோர், அருகிலுள்ள பள்ளிக்கும் தொழிற்பயிற்சி நிலையத்துக்கும் தாங்கள் செய்த உதவிகளையும் உடன் சொல்வார்கள்: கணினிகள், ஒரு வகுப்பறை, ஆண்டு விழாப் பரிசுகள். இவற்றை நான் குறைத்து மதிப்பிடவில்லை. ஆனால் ஒரு நிறுவனத்தால் கொடுக்கக்கூடியவற்றில் மிக அரியது அதன் கைதேர்ந்த தொழிலாளியின் நேரம்; அதைக் கொடுக்கத்தான் பலருக்கும் மனம் வருவதில்லை.

தடிமன், விட்டம் போன்றவற்றை நுட்பமாக அளக்கும் திருகு அளவியான மைக்ரோமீட்டரின் மீச்சிற்றளவு (அதனால் அளக்கக்கூடிய மிகச் சிறிய அளவு) 0.01 மி.மீ. என்று தேர்வில் பிழையின்றி எழுதும் மாணவர், பட்டறையில் அதே கருவியை இறுகத் திருகி, தண்டின் விட்டத்தை உள்ளதைவிடக் குறைவாக அளந்துவிடுகிறார். முனையிலுள்ள, அழுத்தம் மிகாமல் காக்கும் ராட்செட் திருகை மெல்லத் திருப்பி அது நழுவும் ஓசை கேட்டதும் நிறுத்த வேண்டும், அளக்கும் முன் கருவியின் இரு முகங்களையும் துடைத்துச் சுழிப்பிழை (முகங்கள் ஒட்டும்போது அளவு சுழியைக் காட்டாத பிழை) பார்க்க வேண்டும், லேத் என்னும் கடைசல் இயந்திரத்திலிருந்து எடுத்த சூட்டோடு அளந்தால் விட்டம் கூடுதலாகவே காட்டும் என்பனவெல்லாம் பாடநூலிலும் இருக்கலாம். ஆயினும், பக்கத்தில் நின்று “ஆறவிட்டு இன்னொரு தடவை அள” என்று சொல்ல அனுபவசாலி ஒருவர் இருந்தால்தான் அது கைப்பழக்கமாகும். நன்கொடையாக வந்த இயந்திரத்தால் இதைச் சொல்ல முடியாது. வெட்டுக்கருவி வாங்கவும் பழுது பார்க்கவும் பணம் ஒதுக்கப்படாவிட்டால் அந்த இயந்திரம் ஓடுவதும் சந்தேகந்தான்.

ஜெர்மனியின் இரட்டைப் பயிற்சி முறை கைதேர்ந்த தொழிலாளியின் இந்த நேரத்தைத்தான் கட்டமைப்புக்குள் கொண்டுவந்திருக்கிறது. 1969ஆம் ஆண்டின் தொழிற்கல்விச் சட்டத்தை அடித்தளமாகக் கொண்ட அந்த முறையில், இளைஞர் ஒரு நிறுவனத்தோடு ஒப்பந்தம் செய்துகொண்டு, பொதுவாக வாரத்தில் ஓரிரு நாள் தொழிற்பள்ளியிலும் மற்ற நாள்களில் பணியிடத்திலுமாக, பெரும்பாலும் 3 அல்லது 3½ ஆண்டுகள், ஊதியத்துடன் கற்கிறார். 300க்கும் மேற்பட்ட தொழில்களுக்கு இவ்வாறு பயிற்சி உண்டு. கற்றுக்கொடுப்பவரும் அதற்குரிய தகுதியை நிரூபிக்க வேண்டும் என்பதே எனக்கு இதில் மிகவும் பிடித்த விதி. ஏனெனில் நன்றாக வேலை செய்பவர் எல்லோருக்கும் சொல்லிக்கொடுக்க வருவதில்லை. சுவிட்சர்லாந்தில் கட்டாயக் கல்வி முடித்தோரில் ஏறத்தாழ மூன்றில் இருவர் தொழிற்கல்வியைத் தேர்ந்தெடுக்கிறார்கள். படிப்பு வராதவர்கள் ஒதுங்கும் இடம் என்ற பெயர் அதற்கு அங்கே இல்லை.

நாம் கற்றுக்கொடுத்த பிறகு அடுத்த நிறுவனம் கொத்திக்கொண்டு போய்விடுமே என்ற அச்சம் நியாயமானதே. தனியொரு நிறுவனம் பயிற்சி கொடுத்து, மற்றவை காத்திருந்து ஆள் எடுக்கும் இடத்தில் அது நடந்தே தீரும். ஒரே வட்டாரத்து நிறுவனங்கள் சேர்ந்து பாடத்திட்டத்தையும் செலவையும் பகிர்ந்துகொண்டால், இங்கே பழகியவர் அங்கே போவதைப் போலவே அங்கே பழகியவரும் இங்கே வருவார். பழகியவர் வெளியேறுவதைத் தடுக்கவென்று தன் இயந்திரத்தின் பொத்தான்களை மட்டும் கற்றுக்கொடுத்து, வேறெங்கும் செல்லுபடியாகாத சான்றிதழொன்றை நீட்டும் நிறுவனம் இளைஞரை முடக்குகிறது. அதைக் கல்விப்பணி என்று அழைப்பது சற்று அதிகம்.

பள்ளி மாணவர்களுக்கான தொழிற்சாலைச் சுற்றுலாக்களில் எனக்குப் பெரிய நம்பிக்கை இல்லை. வரிசையில் நடந்து, படம் எடுத்துக்கொண்டு திரும்புவதைவிட, நாலைந்து பேர் அரை நாள் உட்கார்ந்து ஒரு சுவிட்சுப் பலகைக்குக் கம்பி இணைத்துப் பார்ப்பது மேல். அதற்கும் ஆள் வேண்டும். அந்த ஆளின் அன்றைய உற்பத்தி இலக்கு குறைக்கப்படாவிட்டால், அவர் ஒரு கண்ணைக் கடிகாரத்தின் மீது வைத்துக்கொண்டே சொல்லிக்கொடுப்பார். ஆகவே, உதவ முன்வரும் நிறுவனத்திடம் முதலில் கேட்க வேண்டியது, எந்தத் தொழிலாளியை, வாரத்தில் எத்தனை மணி நேரம், எந்த வேலையிலிருந்து விடுவிக்கப்போகிறீர்கள் என்பதுதான்.