வீக்கம் வடிந்தது, அசதி வடியவில்லை

மூட்டுகள் வீங்கி வலிக்கும் முடக்குவாதம் என்று தெரிந்து மெத்தோட்ரெக்சேட் மாத்திரை தொடங்கிய ஆறாவது மாதம் என் விரல்கள் ஓரளவு மடங்க ஆரம்பித்தன. கத்தரிக்கோல் பிடிக்க முடிந்தது. குன்னூரில் வீட்டு முன்னறையில்தான் என் தையல் கடை. இனி பிழைத்துக்கொள்வேன் என்று நினைத்தேன். ஆனால் காலை 11 மணிக்கே உடம்பு அடித்துப் போட்ட மாதிரி ஆகிவிடும். வலியோடு தைத்துப் பழக்கம் உண்டு. இந்த அசதியில் ஊசியில் நூல் கோக்கக்கூடத் தெம்பு இருக்காது. தூங்கி எழுந்தாலும் அப்படியே இருக்கும்.

"குளிர்ல எல்லாருக்கும் இப்படித்தாம்மா இருக்கும்" என்பார் மாமியார். உறைபனி விழும் மாதத்தில் கம்பளியை விட்டு எழுந்திருக்க யாருக்குத்தான் மனம் வரும்? நான் சொன்னது எடுபடவில்லை. பக்கத்தில் பார்த்த டாக்டரும், "வீக்கம்தான் இல்லையே, மனசைத் தளர விடாதீங்க" என்று அனுப்பிவிட்டார். அன்று வீட்டுக்கு வந்து அழுதேன்.

நர்ஸாக இருக்கும் நாத்தனார் மகள்தான் வழி சொன்னாள். "அத்தை, அசதின்னு மட்டும் சொன்னா யாருக்கும் புரியாது. என்னைக்கு, எத்தனை மணிக்கு, என்ன வேலை முடியலைன்னு எழுதிட்டுப் போங்க." அளவு நோட்டின் பின்பக்கத்தில் மூன்று வாரம் எழுதினேன். ஞாயிறு இரவு மெத்தோட்ரெக்சேட் போட்ட பிறகு வரும் திங்கள்தான் மகா மோசம். புரண்டு படுத்தால் தோள் வலித்து, அதிகாலை 3 மணிக்கு விழித்துவிடுகிறேன். எழுதிப் பார்க்கும்வரை இது எனக்கே தெரியாது.

பர்லியாறு வழியாக வளைவு வளைவாக இறங்கிக் கோயமுத்தூர் போனோம். (அந்தப் பயணத்துக்கே மறுநாள் படுக்கை.) மூட்டுவாத டாக்டர் நோட்டை வாங்கி நிதானமாகப் படித்தார். மூட்டை வீங்க வைக்கும் அழற்சியே காய்ச்சல்போல உடம்பைச் சோர வைக்கும், கூடவே வேறு காரணமும் ஒளிந்திருக்கலாம் என்றார். அழற்சியைக் காட்டும் சிஆர்பி, தைராய்டு, ரத்தம் எல்லாம் பார்த்தார்கள். தைராய்டு சரி. ஹீமோகுளோபின் 9.2தான், குறைவு. அழற்சி இருந்தால், உடம்பின் இரும்புச் சேமிப்பைக் காட்டும் ஃபெரிட்டின் அளவு ஏறி, இரும்புச்சத்துக் குறைவை மறைத்துவிடுமாம். அதனால் இன்னொரு சோதனையும் செய்த பிறகுதான் இரும்பு மாத்திரை எழுதினார். "டீயோட சேர்க்காதீங்க, சத்து உடம்புல ஒட்டாது" என்றார். ஜன்னலைத் திறந்தால் தேயிலை ஃபேக்டரி வாசம் வரும் வீட்டில் இருப்பவளிடம்!

மெத்தோட்ரெக்சேட்டை அவர் சொன்னபடி சனி இரவுக்கு மாற்றிக்கொண்டேன், ஞாயிறு கடை இல்லையே. இதை யாரும் தானாகச் செய்ய வேண்டாம். வாரம் ஒரு நாள் மாத்திரை அது, தவறித் தினமும் போட்டால் உயிருக்கே ஆபத்து. வீட்டுக்காரர் காலண்டரில் சனிக்கிழமைகளைச் சிவப்பில் வட்டமிட்டு வைத்திருக்கிறார்.

நடக்கச் சொன்னபோது கோபம்தான் வந்தது. அசந்து கிடப்பவளை நடக்கச் சொன்னால்? ஆனால் மெல்ல நடந்தால் அசதி குறையும் என்றார்கள், குறைந்தது. எங்கள் ஊரில் மேடு பள்ளம் இல்லாத பாதையைத் தேட வேண்டும். தேயிலைத் தோட்டத்தை ஒட்டி ஒரு துண்டுப் பாதை கிடைத்தது. 10 நிமிடத்தில் தொடங்கினேன்.

எல்லாவற்றையும்விடக் கஷ்டம், தெம்பாக இருக்கும்போதே நிறுத்துவது. முன்பு நல்ல நாள் வந்தால் நான்கு ஜாக்கெட் தைத்துவிட்டு இரண்டு நாள் விழுந்து கிடப்பேன். இப்போது ஒரு மணி நேரம் ஆனால் மெஷினுக்கு உறை போட்டுவிட்டுச் சற்றுப் படுக்கிறேன். பொங்கலுக்கு ஆர்டர் குறைத்ததில் இரண்டு வாடிக்கையாளர்கள் போய்விட்டார்கள். போகட்டும்.

நான்கு மாதத்தில் ஹீமோகுளோபின் 10.8 ஆனது. அசதி முழுக்கப் போகவில்லை, பாதியாவது குறைந்திருக்கும். திங்கட்கிழமை கடை திறக்கிறேன். போன வாரம் மழை நாளில் மறுபடி படுத்துவிட்டேன். மாமியார் டீ போட்டுக்கொண்டு வந்தவர், வாசலிலேயே நின்று கடிகாரத்தைப் பார்த்தார். "இரும்பு மாத்திரை போட்டு எவ்வளவு நேரமாச்சு?" என்றார். அரை மணிதான் என்றேன். டம்ளரைத் திருப்பி எடுத்துப் போய் மூடி வைத்தார்.