கொப்பரைச் சாக்குக்கு ஸ்லாப் செரிஃப் ஸ்டென்சில்: வேலை இதுவரைக்கும்

பெரியப்பா தோப்புக் கொப்பரைச் சாக்குல மார்க் போட புது ஸ்டென்சில் வெட்டிட்டு இருக்கேங்க. நமக்கு கொழிஞ்சாம்பாறைப் பக்கம், தோப்பு கேரளா மண்டி தமிழ்நாடு, ஏத்தறவங்க மலையாளம் இறக்கறவங்க தமிழு, அதனால மார்க் எப்பவும் இங்கிலீஷ் இனிஷியல்தான், கே ஆர் பி. பழைய தகரத்துல ஒல்லி எழுத்து, சணல்ல வச்சு அடிச்சா பாதிக் கோடு நூல் சந்துக்குள்ள போயிரும்.

அதான் தடியான ஸ்லாப் செரிஃப்னு முடிவு பண்ணேன். ஒவ்வொரு கோட்டு முனையிலயும் கனமா ஒரு சதுரக்கட்டை இருக்குமில்ல, அந்த வகை. லண்டன்ல 1815 வாக்குல வின்சென்ட் ஃபிக்கின்ஸ் இதை அச்செழுத்தா வெளியிட்டாரு, அப்ப போஸ்டர் விளம்பரமெல்லாம் பெருகிட்டு இருந்த நேரம், தூரத்துல போறவன் கண்ணுல படணும், அவ்ளோதான் நோக்கம். சாக்குக்கும் அதேதானே வேணும்.

மொதல்ல எடுத்தது 1845ல வந்த கிளாரண்டன் மாடல். பாக்க அழகுதான், ஆனா கட்டை தண்டோட சேர்ற இடம் வளைஞ்சு இறங்குது, பிளேடு அங்க போய் வழுக்குது. ராக்வெல் (1934, மோனோடைப் கம்பெனி எழுத்து) அப்படியில்ல, நேர் மூலை, கோடெல்லாம் கிட்டத்தட்ட ஒரே தடிமன், ஸ்கேலும் பிளேடும் போதும். அதுலயே எக்ஸ்ட்ரா போல்ட், அதாவது ரொம்பத் தடியான வகையை, பிரிண்ட் எடுத்து பழைய எக்ஸ்ரே ஃபிலிம் மேல ஒட்டி வெட்டினேன். ஆர், பி ரெண்டுலயும் உள்ள இருக்கற துண்டு கழண்டு விழுந்துராம இருக்க, வெளி ஃபிலிமோட சேத்துப் பிடிக்கற சின்னப் பாலம் விடணும், இந்த எழுத்துல சதை நிறைய இருக்கறதால பாலம் விட்டும் உருவம் கெடலை. பெயிண்டை ஸ்பாஞ்சுல தொட்டுத் தொட்டு ஒத்தணும், பிரஷ்ல இழுத்தா அடியில கசியுது.

பெரியப்பா பாத்துட்டு "ஏஞ்சாமி, எழுத்துக்கெல்லாம் செருப்பு மாட்டிவுட்ருக்கற"ங்கறாரு. ஆனா லாரி மேல நின்னே படிக்க முடியுதுன்னு ஏத்தறவரு சொன்னப்புறம் பேச்சில்ல.

தலைப்பு, போர்டு, சாக்கு, இதுக்கெல்லாம் இது ராஜா. இதே தடிமன்ல ஒரு பக்கம் முழுக்க நோட்டீஸ் அடிச்சா மட்டும் கண்ணு கடுகடுங்கும். ஒல்லியான ஸ்லாப்னா கதை வேற, டைப்ரைட்டர் கூரியர் எழுத்தும் இந்தக் குடும்பம்தான், எல்லா எழுத்துக்கும் ஒரே அகலம்ங்கறதால ஒல்லியா இருக்கற இங்கிலீஷ் 'i'க்கு பெரிய கட்டை வச்சு இடத்தை ரொப்பியிருப்பாங்க.

இப்ப தமிழ்ல ஊர்ப்பேர் வெட்டிப் பாக்கறேன். ட, ப ரெண்டும் நேர்க்கோடு, கட்டை வச்சா கம்பீரமா நிக்குது, ஆனா ப மேல ரெண்டு முனையிலயும் கட்டையை உள்பக்கமா நீட்டினா வாய் மூடிக்குது, வெளிப்பக்கம் மட்டும் விட்டேன். ழி, றை ரெண்டும் ஒரே சுழியா இருக்கு, கட்டைக்கு முனையே சிக்கலை. அதுங்களை கட்டையில்லாம தடிமனா மட்டும் வரைஞ்சு வச்சிருக்கேன், இன்னும் வெட்டலை.