மச்சத்திலும் அதே பிழை

பினாங்கில் ஒரு ஆஸ்பத்திரி லேப்பில் திசுக்களை மெழுகில் பதித்துச் சீவுவது என் வேலை. தோலுக்கு நிறம் தரும் செல்களில் வரும் புற்றுநோயான மெலனோமாவின் சாம்பிள் இங்கே அபூர்வமாகத்தான் வரும். வந்தால் பாடு இரட்டிப்பு. வழக்கமாகப் போடும் சாயம் பழுப்பு, அந்தச் செல்களின் நிறமியான மெலனினும் பழுப்பு. எது சாயம், எது செல்லின் சொந்த நிறம் என்று பிரித்துப் பார்க்க முடியாது. அதனால் சிவப்புச் சாயத்துக்கு மாறிவிடுவோம். சரி, டிஎன்ஏவைப் பெருக்கிப் பார்க்கும் பிசிஆர் போடலாம் என்றால், டிஎன்ஏவோடு ஒட்டிக்கொண்டு வரும் மெலனின் அதையும் கெடுக்கும்.

இவ்வளவு பாடும் பிராஃப் என்ற ஒரு கைனேஸ் நொதி மாறியிருக்கிறதா என்று பார்க்கத்தான். செல்லின் எரிபொருளான ஏடிபியிலிருந்து ஒரு பாஸ்பேட்டை எடுத்து மெக் என்ற புரதத்தில் ஒட்டுவது அதன் தொழில். மெக் அதையே எர்க் என்ற அடுத்த புரதத்துக்குச் செய்யும். எர்க் செல்லின் கருவுக்குள் போய், செல்லை இரண்டாகப் பிரியச் சொல்லும். வெளியிலிருந்து உத்தரவு வந்தால்தான் இது நடக்க வேண்டும். பிராஃபின் 600ஆவது இடத்தில் வேலின் என்ற அமினோ அமிலத்துக்குப் பதில் குளூட்டாமிக் அமிலம் வந்துவிட்டால், யாரும் கூப்பிடாமலே ஓடிக்கொண்டிருக்கும். 2002இல் கண்டுபிடித்தார்கள். தோல் மெலனோமாக்களில் ஏறத்தாழ பாதியில் பிராஃப் மாறியிருக்கிறது.

என்னை அசத்தியது வேறு. சாதாரண மச்சங்கள் பலவற்றிலும் இதே பிழை உண்டு! செல்கள் கொஞ்ச காலம் பிரிகின்றன, அப்புறம் பி16 போன்ற தடுப்புப் புரதங்கள் எழுந்து நிறுத்திவிடுகின்றன. அந்தத் தடைகளும் உடைந்தால்தான் ஆபத்து. உடைந்த பிறகு எர்க் பெருக்குவதோடு நிற்காது. பக்கத்துச் செல்லோடு இருக்கும் பிடி தளரும், சுற்றுத் திசுவை அரிக்கும் நொதிகள் கூடும், செல் ஊர ஆரம்பிக்கும்.

போன வாரம் பட்டர்வொர்த் சித்தப்பா போன் செய்தார். "ஏம்மா, மாத்திரையிலேயே இந்தக் கேன்சரைக் கரைக்கிறாங்களாமே? உன் பெரியம்மாவுக்கு உள்ளங்கால்ல கறுப்பா இருக்கு, வாங்கிக் கொடுக்கலாமா?"

அந்தக் கறுப்பு என்னவென்றே இன்னும் தெரியாது. மாத்திரை இருப்பது நிஜம்தான். 2011இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற வெமுராஃபெனிப் பலருக்குச் சில வாரங்களிலேயே கட்டியைச் சுருக்கியது. தனியாகக் கொடுத்தபோது பெரும்பாலும் சில மாதங்களில் நோய் திரும்பியது. அதனால் இப்போது மெக்கையும் சேர்த்தே அடக்குகிறார்கள். ஆனால் பிராஃப் மாறாத செல்லில் இதே மருந்து நேரெதிர் வேலை செய்யக்கூடும்: ஜோடி சேர்ந்த இரண்டு ராஃப் புரதங்களில் (பிராஃப் அந்தக் குடும்பம்தான்) ஒன்றை மருந்து பிடித்தால் மற்றது விழித்துக்கொள்ளும். டெஸ்ட் இல்லாமல் மாத்திரை இல்லை என்பது இதனால்தான். ஆசியர்களிடம் அதிகம் காணும் உள்ளங்கால், நகக்கண் மெலனோமாவிலோ பிராஃப் மாற்றம் குறைவு. வெயிலுக்கும் அதற்கும் பெரிய சம்பந்தமில்லை. வெள்ளைக்காரன் வியாதி என்று நம் ஆட்கள் பாதத்தைத் திருப்பிக்கூடப் பார்ப்பதில்லை.

பெரியம்மாவோ, பால்மரம் வெட்டப் போன காலத்தில் முள் குத்திய தழும்பு என்று சாதிக்கிறார். இருக்கலாம். தோல் டாக்டரிடம் அப்பாயின்மென்ட் வாங்கியாகிவிட்டது. அதுவரை சுண்ணாம்பு தடவாமல் பார்த்துக்கொள்ளச் சித்தப்பாவிடம் சொல்லியிருக்கிறேன்.