அம்மாவின் பொருத்தனையும் எருசலேமின் சுவரும்

தம்பிக்கு ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தால் இயேசு பிறந்த பெத்லகேமில் முழங்கால்படியிட்டு ஸ்தோத்திரம் சொல்வதாக அம்மா பொருத்தனை பண்ணியிருந்தார்கள். தம்பி பிழைத்தான், பணம் சேரத்தான் நாளானது. ஒருவழியாக ஒரு டிசம்பரில், எங்கள் சபைப் போதகரான ஐயர் தலைமையில் கிளம்பிய குழுவோடு போனோம். கலிலேயாக் கடல், யோர்தான், கானாவூர் பற்றியெல்லாம் எழுத எத்தனையோ பேர் இருக்கிறார்கள். என் மனதில் நிற்பது எருசலேமின் மேற்குச் சுவர்.

ஏரோது ராஜா விரிவாக்கிய யூதரின் தேவாலய வளாகத்தின் தாங்குசுவர் அது. கி.பி. 70-ல் ரோமர் ஆலயத்தை இடித்தபோது மிஞ்சியது. பெண்கள் பக்கம் குறுகல், நெரிசல் சொல்லி முடியாது. கல்லிடுக்கெல்லாம் மடித்த சீட்டுகள். எங்கள் பக்கத்தில் ஒரு யூதப் பாட்டி ஜெபப் புத்தகத்தை முகத்தோடு சேர்த்துப் பிடித்து, உதடு மட்டும் அசைய அழுதுகொண்டிருந்தார். முடிந்ததும் சுவருக்கு முதுகு காட்டாமல் பின்னாலேயே நடந்து போனார். அம்மாவுக்கு அங்கிருந்து நகரவே மனமில்லை.

"இந்தம்மா என்னத்துக்கு ஐயரே இப்படி அழுதாவ?"

"அது அவங்களுக்கும் ஆண்டவருக்கும்தாம்மா தெரியும். ஆனா தாவீதின் துளிர், அதாவது கடவுள் வாக்குக் கொடுத்த மீட்பரான மேசியா, சீக்கிரம் முளைக்கட்டும்னு தினம் மூணு வேளை சொல்ற ஜெபம் அவங்ககிட்ட இருக்கு."

பஸ்ஸில் ஐயர் விடாமல் சொல்லிக்கொண்டே வந்தார். 12-ஆம் நூற்றாண்டில் மைமோனிதேஸ் என்ற ரபி (யூத மத குரு) வகுத்த 13 விசுவாசக் கொள்கைகளில் ஒன்று மேசியாவின் வருகை. அவர் தாமதித்தாலும் நாள்தோறும் காத்திருப்பேன் என்று இன்றும் சொல்கிறார்கள். அந்த மேசியா தாவீதின் வம்சத்தில் வரும் மனித ராஜா. சிதறியவர்களைச் சேர்ப்பார், ஆலயத்தைக் கட்டுவார், யுத்தங்கள் ஓயும். "யுத்தம் ஓயலியே, அப்புறம் இயேசுதான் மேசியா, அவர் வந்துட்டார்னு எப்படி சொல்றீங்க? இதான் அவங்க கேள்வி" என்றார் ஐயர்.

பத்து கிலோமீட்டருக்குள்தான் பெத்லகேம். சமாதானப் பிரபு பிறந்த ஊரின் ஓரத்தில் உயரமான கான்கிரீட் சுவர், சோதனைச் சாவடி, துப்பாக்கியோடு பிள்ளை முகம் மாறாத சிப்பாய்கள். அந்தக் கேள்வி என்னை விடவில்லை. நியாயந்தீர்க்க மறுபடியும் வருவார் என்று ஞாயிறுதோறும் விசுவாசப் பிரமாணத்தில் நாமும்தான் சொல்கிறோம், அடுத்த பாட்டைப் புரட்டிக்கொண்டே! கேக், நட்சத்திரம், புதுத்துணி என்று கிறிஸ்துமஸோடு எல்லாம் நிறைவேறிவிட்டதாக நினைத்துக்கொள்கிறோம். பாதிதான் நிறைவேறியிருக்கிறது.

கைடு எங்களை ஒரு ஒலிவமரச் சாமான் கடையில் இறக்கிவிட்டார். ஒரு மணி நேரத்துக்கு மேல் போயிற்று. கமிஷன் விவகாரம்தான், வேறென்ன! ஆலயத்துக்கு வெளியிலும் மாலை, போட்டோ என்று கையைப் பிடித்து இழுக்கிறார்கள். உள்ளே இயேசு பிறந்த இடமாகச் சொல்லும் குகைக்கு நீண்ட வரிசை. ஆலய வாசல் நாலடி உயரம்தான், அம்மாவும் குனிந்துதான் நுழைந்தார்கள். செங்குத்தான படியில் இறங்க முழங்கால் ஒத்துழைக்கவில்லை. முன்னால் நின்ற ஆப்பிரிக்க சகோதரிகள் இரண்டு பேர், கேட்காமலேயே ஆளுக்கொரு பக்கம் தாங்கி இறக்கினார்கள். கர்த்தர் அவர்களை ஆசீர்வதிப்பாராக.

பலிபீடத்தின் கீழே, 14 முனை வெள்ளி நட்சத்திரம். அம்மா முழங்கால்படியிட்டு அதில் நெற்றியை வைத்துவிட்டார்கள். சீக்கிரம், சீக்கிரம் என்று ஒரு துறவி கை காட்டுகிறார். தம்பிக்காக நன்றி சொல்வார்கள் என்று பார்த்தால், "ஆண்டவரே, உமது வார்த்தையின்படி உமது அடியேனை இப்பொழுது சமாதானத்தோடே போகவிடுகிறீர்" என்று சிமியோன் பாட்டைச் சொல்கிறார்கள்! மேசியாவுக்காகக் காத்திருந்த சிமியோன், குழந்தை இயேசுவைக் கண்டதும் இனி நிம்மதியாகச் சாவேன் என்று சொன்ன பாட்டு அது. எனக்குப் பகீரென்றது.

"ஏம்மா அதைப் போய்ச் சொன்னீங்க?"

"சிமியோன் காத்துக்கிட்டு இருந்தவருல்லா. சுவத்துல அழுதாவளே, அவங்க ஞாபகம் வந்துட்டுட்டி. அவங்களும் கண்ணால பாக்கட்டும்னு சொன்னேன்."

தம்பிக்கு அங்கிருந்தே வீடியோ கால் போட்டோம். கூட்டமும், கடையில் போன நேரமும், கால்வலியும் எங்கே போயினவோ! பிள்ளையைத் தந்தீர், வழிச்செலவுக்குத் தந்தீர், அம்மாவைப் படியிறக்கி ஏற்றினீர். ஸ்தோத்திரம் அப்பா, கோடி ஸ்தோத்திரம்.