தோளில் கால்சியம்: எம்ஆர்ஐக்கு முன்னால் ஒரு எக்ஸ்ரே எடுத்துவிடுங்கள்

தோள் வலிக்கிறது, கையைத் தூக்க முடியவில்லை, ராத்திரி அந்தப் பக்கம் சாய முடியவில்லை என்று சொன்னதுமே ‘ஃப்ரோசன் ஷோல்டர்’ (தோள்மூட்டு இறுகிப்போவது) என்று சீட்டில் எழுதி பிசியோவுக்கு அனுப்பிவிட்டார்கள். படம் எதுவும் எடுக்கவில்லை. வலியின் உச்சத்தில் கையை இழுத்துப் பயிற்சி கொடுத்ததில் வலி இன்னும் ஏறியது. பிறகு நேராக எம்ஆர்ஐ. அதில் ‘லேசான வீக்கம்’ என்று ரிப்போர்ட். உண்மையில் இருந்தது தோளின் தசைநாணில் (தசையை எலும்போடு இணைக்கும் நார்) கால்சியம் படிவு. இதை நினைத்தால் எனக்கு எரிச்சல் இன்னும் அடங்கவில்லை.

எம்ஆர்ஐயில் கால்சியமும் கறுப்பு, தசைநாணும் கறுப்பு. சின்னப் படிவு கண்ணில் படாமலே போகலாம். சாதாரண எக்ஸ்ரேயில் அது வெள்ளையாக நிற்கும். ஆனால் நேர்ப்படம் ஒன்று மட்டும் போதாது, படிவு எலும்பின் நிழலில் ஒளிந்துகொள்ளும். கையை உள்பக்கமும் வெளிப்பக்கமும் திருப்பி வைத்துத் தனித்தனிப் படம் கேளுங்கள். படிவு பெரும்பாலும் சுப்ராஸ்பைனேட்டஸ் (கையைப் பக்கவாட்டில் தூக்க உதவும் தோள் தசை) தசைநாணில், எலும்போடு சேரும் இடத்துக்குச் சற்று முன்னால் இருக்கும்.

ஃப்ரோசன் ஷோல்டரா என்று பார்க்க ஒரு வழி: முழங்கையை விலாவோடு ஒட்டி மடக்கி வைத்து, முன்னங்கையை வேறொருவர் வெளியே திருப்பட்டும். அவர் திருப்பினாலும் பூட்டியதுபோல நின்றால் ஃப்ரோசன் பக்கம் சந்தேகப்படலாம். கால்சியத்தில் பொதுவாகத் திரும்பும். பக்கவாட்டில் தூக்கும்போதுதான் நடுவழியில் சுருக்கென்று பிடிக்கும். கடும் வலி நாட்களில் எல்லா அசைவும் வலிக்கும், அப்போது இந்தச் சோதனையை நம்ப வேண்டாம்.

யாரும் சொல்லாத விஷயம், உயிர் போகிற மாதிரி வலிக்கும் நாட்களில்தான் பெரும்பாலும் படிவு கரைந்துகொண்டிருக்கிறது. எக்ஸ்ரேயில் ஓரம் கூர்மையாக, அடர்த்தியாக இருந்தால் கெட்டியான நிலை. மேகம்போலக் கலங்கியிருந்தால் கரையும் நிலை. சிகிச்சையே இதை வைத்துத்தான். கரையும்போது ஐஸ், ஓய்வு, வலி மாத்திரை (சிறுநீரகக் கோளாறு, வயிற்றுப்புண், ரத்தம் உறையாமல் தடுக்கும் மருந்து எது இருந்தாலும் முதலில் சொல்லிவிடுங்கள்), தேவைப்பட்டால் ஸ்டீராய்டு ஊசி. சர்க்கரை உள்ளவர்களுக்கு ஊசிக்குப் பின் சில நாள் அளவு ஏறும். ஷாக்வேவ் (வெளியிலிருந்து அதிர்வலை செலுத்தும் சிகிச்சை) எல்லாம் நாள்பட்ட, கெட்டியான படிவுக்கு.

பார்போடாஜ் நல்ல சிகிச்சை. மரத்துப்போக ஊசி போட்டு, அல்ட்ராசவுண்டில் பார்த்தபடி தடித்த (16 அல்லது 18 கேஜ்) ஊசியைப் படிவுக்குள் செலுத்தி, சலைனைத் தள்ளித் தள்ளி உறிஞ்சுவார்கள். சிரிஞ்சில் நீர்த்த சுண்ணாம்புபோல வெள்ளை இறங்குவதைப் பார்க்கலாம். கெட்டியாக இருந்தால் ஒன்றும் வராது. ஓட்டைபோட்டு உடைத்துவிட்டாலும் மிச்சத்தை உடம்பே கரைக்கும். மரப்பு விட்ட அன்று ராத்திரி வலிக்கும். சில வாரம் கழித்து மறுபடி வலி கிளம்பவும் கூடும். சிகிச்சை தோற்றது என்று உடனே அறுவைக்கு ஓடாதீர்கள்.

‘பாலை நிறுத்து, கால்சியம் மாத்திரையை நிறுத்து’ என்பார்கள். சாப்பாட்டுக் கால்சியம் இங்கே வந்து படிவதில்லை, ரத்தத்திலும் அளவு பொதுவாகச் சரியாகவே இருக்கும். சர்க்கரையும் தைராய்டும் மட்டும் ஒருமுறை பார்த்துக்கொள்ளலாம். தோள்வலியோடு காய்ச்சல், சிவப்பு, சூடு இருந்தால் மூட்டில் கிருமித்தொற்றாக இருக்கலாம், அன்றைக்கே மருத்துவமனைக்குப் போங்கள்.