ரோரியின் ஊரில் குடியேறுதல்

அயர்லாந்தின் கார்க் நகருக்கு வேலைக்கு வரும் தமிழர்கள் பெரும்பாலும் முதல் மாதத்திலேயே ப்ளூஸ், ராக் இசைக் கிடார் கலைஞரும் பாடகருமான ரோரி கேலஹரைக் கடந்து போய்விடுகிறார்கள், தெரியாமலே. பால் ஸ்ட்ரீட்டில் டெஸ்கோவுக்குப் போய் பாலும் வெங்காயமும் வாங்கி வரும் வழியில் ஒரு சிறு சதுக்கம் இருக்கிறது. அங்கே வளைந்து நெளிந்து நிற்கும் உலோகச் சிற்பத்தில் கிடார் வடிவம் தெரியும். அதைச் சுற்றிப் பாட்டு வரிகள் சுருண்டு ஓடும். சதுக்கத்தின் பெயர் ரோரி கேலஹர் பிளேஸ். ஜெரால்டின் கிரீடன் என்ற சிற்பி செய்தது, 1997-இல் திறக்கப்பட்டது. பாடகர் இறந்து இரண்டே ஆண்டில் ஊர் தன் நடுவில் அவருக்கு இடம் கொடுத்துவிட்டது.

ஊர்க்காரர்கள் முழுப் பெயரைச் சொல்வதில்லை. டாக்சி ஓட்டுநரானாலும் மருத்துவமனைக் காவலரானாலும் 'ரோரி' என்றுதான் சொல்வார்கள், பக்கத்துத் தெருப் பையனைப் போல. அந்தப் பெயர் உங்களுக்குத் தெரியும் என்று தெரிந்துவிட்டால் வானிலையைப் பற்றிய பேச்சு அங்கேயே நின்றுவிடும். அடுத்த அரை மணி நேரம் நீங்கள் காது கொடுத்தால் போதும். இங்கே குடியேறியவருக்கு ஊரோடு ஒட்டுவதற்கு இதைவிட நல்ல வாசல் அதிகம் இல்லை. அதனால்தான் இதை விவரமாக எழுத வேண்டியிருக்கிறது.

ரோரியின் குடும்பமும் பிழைப்புக்காக இடம் மாறிய குடும்பம்தான். 1948 மார்ச் 2-இல் டோனிகல் மாவட்டத்தின் பாலிஷானனில் அவர் பிறந்தபோது, எர்ன் ஆற்றில் புனல் மின்நிலையம் கட்டும் பணியில் தந்தை இருந்தார். பிறகு தந்தையின் ஊரான டெர்ரி, அதன்பின் தாயின் ஊரான கார்க். 1963 ஆகஸ்டில், 15 வயதில், கார்க்கின் க்ரோலி இசைக்கருவிக் கடையில் 1961-ஆம் ஆண்டு ஃபெண்டர் ஸ்ட்ராடோகாஸ்டர் மின்கிடார் ஒன்றைத் தவணைக்கு வாங்கினார். விலை 100 பவுண்டுக்குச் சற்றுக் குறைவு. அந்தக் காலத்துக்கு அது மிகப் பெரிய கடன். ராயல் ஷோபேண்ட் என்ற நடனக்குழுவின் கிடார் கலைஞர் சிவப்பு நிறம் கேட்டிருந்தார், வந்தது மஞ்சளும் பழுப்பும் கலந்த சன்பர்ஸ்ட். அதனால்தான் அது பழைய சரக்காகக் கடைக்குத் திரும்பி வந்தது. சாகும்வரை ரோரி அதை விடவில்லை. டப்ளினில் ஒருமுறை திருடுபோய், மழையில் ஒரு பள்ளத்தில் கிடந்து, சில நாளில் கிடைத்தது. மேடையில் கொட்டும் வியர்வையும் சேர்ந்து பூச்சை அரித்தது. பெரும்பகுதி வெறும் மரமாகவே தெரியும் அந்தக் கிடாரை ரசிகர்கள் படத்தில் பார்த்த கணமே அடையாளம் சொல்வார்கள். 2024 அக்டோபரில் அது லண்டனில் ஏலம் போனது, கட்டணங்கள் சேர்த்து 8,89,400 பவுண்டுக்கு. வாங்கிய நிறுவனம் அதை அயர்லாந்தின் தேசிய அருங்காட்சியகத்துக்கே கொடுத்துவிட்டது. தனியார் பெட்டகத்துக்குப் போயிருந்தால் இந்த ஊர் நெஞ்சு பொறுத்திருக்காது.

1966-இல் கார்க்கில் 'டேஸ்ட்' என்ற மூவர் குழு, 1971 முதல் சொந்தப் பெயரில் இசைத்தட்டுகள். சிங்கிள் எனும் ஒற்றைப் பாட்டு இசைத்தட்டு வெளியிட மாட்டேன் என்று கடைசிவரை பிடிவாதமாக இருந்தார். வானொலிப் பட்டியலில் ஏறாமல் மேடையை மட்டுமே நம்பிப் பெயர் வாங்கியவர். 1995 ஜூன் 14-இல், கல்லீரல் மாற்று அறுவைக்குப் பின் வந்த சிக்கலால், லண்டன் மருத்துவமனையில் 47 வயதில் காலமானார். கார்க் பல்கலைக்கழக மருத்துவமனையில் வேலை பார்த்து வில்டன் பக்கம் குடியிருக்கும் நம் செவிலியர்கள் தினமும் கடக்கிற டென்னஹீஸ் கிராஸ் தேவாலயத்தில்தான் இறுதி வழிபாடு நடந்தது. ஆயிரக்கணக்கானோர் தெருவோரம் நின்றார்கள். அடக்கம் செய்யப்பட்டது நகருக்கு மேற்கே, பாலின்காலிக் போகும் பக்கத்தில் உள்ள செயின்ட் ஆலிவர் கல்லறைத் தோட்டத்தில். 1972-இல் அவர் வாங்கிய உலகச் சிறந்த கிடார் கலைஞர் விருதின் வடிவில் கல்லறைக் கல்லைச் செதுக்கியிருக்கிறார்கள். அங்கே போகிறவர்கள் கிடார் மீட்டும் பிக் ஒன்றை வைத்துவிட்டு வருவது வழக்கம். பெரிய மாலையோ கற்பூரமோ வேண்டாம். ஒரு சிறு பூங்கொத்து போதும். பக்கத்துக் கல்லறைகளில் சொந்தக்காரர்கள் வந்திருந்தால் தாழ்ந்த குரலில் பேசுவது மரியாதை.

எங்கிருந்து கேட்கத் தொடங்குவது? 'ஐரிஷ் டூர் 74' இசைத்தட்டிலிருந்து. இதில் ரசிகர்களுக்குள் பெரிய தகராறு கிடையாது. 1974 ஜனவரியில் பெல்ஃபாஸ்ட், டப்ளின், கார்க் மூன்று ஊர்க் கச்சேரிகளிலும் பதிவு செய்தது. வட அயர்லாந்தில் கத்தோலிக்க, புராட்டஸ்டன்ட் தரப்புகளிடையே மோதல் நடந்த காலம், குண்டுவெடிப்புக்குப் பயந்து மற்ற குழுக்கள் பெல்ஃபாஸ்டைத் தவிர்த்த நாட்கள் அவை. ரோரி விடாமல் அல்ஸ்டர் ஹாலுக்குப் போனார். அங்கே கத்தோலிக்க, புராட்டஸ்டன்ட் இளைஞர்கள் ஒரே அரங்கில் நின்று கேட்டார்கள். இன்றும் வடக்கே வயதானவர்கள் இதைச் சொல்லும்போது குரல் தழுதழுக்கும். ரோரியின் குழுவில் பேஸ் கிடார் வாசித்த ஜெர்ரி மெக்கவாய் பெல்ஃபாஸ்ட்காரர் என்பதையும் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள், கட்டாயம் பேச்சில் வரும். அடுத்ததாக 1972-இன் 'லைவ் இன் யூரோப்'. அதில் மாண்டலினோடு பாடும் பாட்டில் ஹென்றி ஃபோர்டிடம் வேலை கேட்கும் வரி வந்ததும் கார்க் கூட்டம் ஆர்ப்பரிக்கும். காரணம், ஃபோர்டின் தந்தை பிறந்த மாவட்டம் இது. அவர் இங்கே நிறுவிய ஆலை 1984 வரை ஓடியது. எத்தனையோ குடும்பங்கள் அந்தச் சம்பளத்தில் வாழ்ந்தவை.

இதற்குக் காசு செலவழிக்க வேண்டாம். கிராண்ட் பரேடில் உள்ள நகர நூலகத்தின் இசைப் பிரிவுக்கே ரோரியின் பெயர்தான். உறுப்பினர் கட்டணம் கிடையாது. அடையாளச் சான்றும் முகவரிச் சான்றும் போதும். புதிதாக வந்தவர்களுக்குச் சிக்கல் முகவரிச் சான்றில்தான். மின்கட்டணம் வீட்டு உரிமையாளர் பெயரில் வரும். வங்கிக் கடிதமோ அரசுத் துறைக் கடிதமோ உங்கள் பெயருக்கு வந்ததும் அதை எடுத்துக்கொண்டு போங்கள். தாமதமாகத் திருப்பினாலும் அபராதம் கிடையாது, 2019-லேயே எடுத்துவிட்டார்கள்.

ரோரி வாசித்த ப்ளூஸ், அமெரிக்கக் கறுப்பின மக்களிடம் பிறந்த இசை, நம் காதுக்கு அந்நியம் இல்லை. அவர் தனி வாசிப்பில் அதிகம் புழங்கும் ஐந்து சுரங்களை வரிசையாகப் பாடிப் பார்த்தால் சுத்த தன்யாசி. ஆனால் காந்தாரம் ஒரே இடத்தில் நிற்காது. கம்பியை விரலால் தள்ளி, சாதாரண காந்தாரத்துக்கும் அந்தர காந்தாரத்துக்கும் நடுவில் எங்கோ நிறுத்துவார். உயிர் அங்கேதான் இருக்கிறது. ஷஃபிள் என்று இங்கே சொல்லும் நடை, ஒவ்வொரு எண்ணிக்கையும் மூன்றாகப் பிரிந்து, முதல் இரண்டு சேர்ந்து நீண்டு, மூன்றாவது துள்ளும் திஸ்ர நடை. விரலில் குழாய் மாட்டிக் கம்பியில் வழுக்கும் ஸ்லைடு வாசிப்பைக் கோட்டுவாத்தியம் கேட்டவர்கள் உடனே பிடித்துக்கொள்வார்கள்.

கிடார் வாசிக்கத் தெரிந்தவர்கள் பப்பில் நடக்கும் ப்ளூஸ் ஜாமில், அதாவது ஒத்திகையில்லாமல் சேர்ந்து வாசிக்கும் அமர்வில், சேரலாம். ஏற்பாடு செய்பவரிடம் முன்னதாகவே பெயர் கொடுத்துவிட வேண்டும். பெரும்பாலும் 12 பார் (தாள அளவு) கொண்ட ப்ளூஸ்தான். ஏ சுருதியில் என்றால், ஏ7 என்ற கார்டு (சேர்ந்து ஒலிக்கும் சுரங்கள்) நான்கு பார், டி7 இரண்டு, மறுபடி ஏ7 இரண்டு, பிறகு ஈ7, டி7, ஏ7, ஈ7 ஒவ்வொன்று. பாருக்கு 4 எண்ணிக்கை, ஆக ஒரு சுற்றுக்கு 48. ஒருவருக்குத் தனி வாசிப்பு கிடைப்பது ஒரு சுற்று, கூட்டம் ரசித்தால் இரண்டு. கடைசி பாரில் வரும் ஈ7 அடுத்தவருக்கு இடம் விடச் சொல்லும் அடையாளம். கர்நாடக சங்கீதப் பயிற்சி உள்ளவர்கள் பலர் தடுக்குவது இங்கேதான். தாளம் தப்புவதில்லை. கற்பனை ஓடும் வேகத்தில் சமத்தைத் தாண்டி அடுத்தவர் சுற்றுக்குள் நுழைந்துவிடுகிறார்கள். பாடுகிறவர் தலையசைப்பைப் பார்த்துக்கொண்டே வாசியுங்கள். இன்னொரு தவறு, ஒலியைக் கூட்டிவைப்பது. டிரம்ஸின் ஸ்னேர் முரசு உங்கள் கிடாருக்கு மேலே தெளிவாகக் கேட்க வேண்டும். கேட்கவில்லையென்றால் நீங்கள்தான் சத்தம்.

பப் என்றதும் தயங்குபவர்கள் நம்மில் நிறைய. குடிக்காதவரை யாரும் குறைத்துப் பார்ப்பதில்லை. சோடாவில் லைம் கலந்து வாங்கிக்கொண்டால் இரவு முழுக்க உட்காரலாம். கவனிக்க வேண்டியது ரவுண்டு. மேசையில் இருப்பவர்கள் ஆளுக்கு ஒருமுறை எல்லோருக்கும் வாங்கித் தருவார்கள். ஒரு கோப்பை ஏற்றுக்கொண்டால் உங்கள் முறை வரும்போது எழுந்து போயே ஆக வேண்டும். நழுவுகிறவரை இந்த ஊர் மன்னிப்பதில்லை. வேண்டாமென்றால் முதல் ரவுண்டுக்கு முன்பே 'எனக்கு நானே வாங்கிக்கொள்கிறேன்' என்று சொல்லிவிடுங்கள், யாரும் தப்பாக நினைக்க மாட்டார்கள். பிள்ளைகளைப் பெற்றோருடன் அழைத்துப் போகலாம், ஆனால் இரவு 9 மணி வரைதான். மே முதல் செப்டம்பர் வரை 10 மணி. கச்சேரிகள் பல 9:30-க்குத்தான் சூடு பிடிக்கும், அதனால் சிறு பிள்ளைகள் உள்ளவர்களுக்குப் பகல் கச்சேரிதான் தோது.

அதற்கு ஏற்றது பாலிஷானன். அவர் பிறந்த ஊரில் ஆண்டுதோறும், ஜூன் முதல் திங்கட்கிழமை வரும் வங்கி விடுமுறையை ஒட்டி, வியாழன் முதல் ஞாயிறு வரை ரோரி நினைவு விழா நடக்கிறது. ஐரோப்பா முழுவதிலிருந்தும் கட்டம்போட்ட சட்டையும் ஜீன்ஸுமாக வந்து குவிகிறார்கள். அவர் மேடையில் உடுத்தியது அதுதான். பெரிய கூடாரக் கச்சேரிக்கு டிக்கெட் உண்டு. தெரு மேடையும் பப் கச்சேரிகளும் இலவசம், பகலிலேயே தொடங்கிவிடும். 2010-இல் யூ2 ராக் குழுவின் கிடார் கலைஞர் எட்ஜ் திறந்துவைத்த வெண்கலச் சிலையின் அடியில் எந்த நேரமும் யாராவது படம் எடுத்துக்கொண்டிருப்பார்கள். ஊர் சிறியது, அறைகள் மாதக்கணக்கில் முன்பே தீர்ந்துவிடும். 6 கிலோமீட்டர் தள்ளி உள்ள பண்டோரனிலோ, சற்றுத் தள்ளி டோனிகல் டவுனிலோ பாருங்கள். குடை வேண்டாம், கடற்காற்றில் தாங்காது. தொப்பி வைத்த மழைக்கோட்டு நல்லது. பிள்ளைகளுக்குக் காது மூடி வாங்கிக்கொள்ளுங்கள். இருட்ட இரவு 10 மணிக்கு மேல் ஆகும் என்பதால் அவர்களைத் தூங்கவைப்பது தனிப் பாடு.

பயணத்தில்தான் உண்மையான கண்ணி இருக்கிறது. டப்ளினிலிருந்து டோனிகல் போகும் 30-ஆம் எண் பஸ் நேராகப் பாலிஷானன் வழியாகவே போகிறது, எல்லோரும் அதைத்தான் சொல்வார்கள். அது நடுவில் எனிஸ்கில்லன் ஊரைத் தொடுகிறது. எனிஸ்கில்லன் இருப்பது வட அயர்லாந்தில், அதாவது பிரிட்டன் ஆட்சியின் கீழ். எல்லையில் சாவடி எதுவும் கிடையாது, சாலையோரப் பலகையில் மைல் கணக்கு வந்தால் கடந்துவிட்டீர்கள் என்று பொருள். ஆனால் இந்திய, இலங்கைக் கடவுச்சீட்டு வைத்திருப்பவர்களுக்குச் சட்டப்படி பிரிட்டன் விசா வேண்டும். அயர்லாந்தின் வசிப்பு அட்டை அங்கே செல்லாது. பஸ்ஸிலும் ரயிலிலும் திடீர்ச் சோதனை நடப்பதுண்டு. மாட்டினால் பின்னாளில் எந்த விசா விண்ணப்பத்திலும் அது கேள்வியாக வரும். அயர்லாந்துக்காரர்கள் இதை யோசிக்க வேண்டிய தேவையே இல்லாததால், நல்ல மனதோடு தவறான வழி சொல்வார்கள்.

அதனால் மேற்கே சுற்றிப் போங்கள். டப்ளின் கானலி நிலையத்திலிருந்து ஸ்லைகோவுக்கு ரயில், சுமார் 3 மணி நேரம். அங்கிருந்து டெர்ரி போகும் 64-ஆம் எண் பஸ்ஸில் ஒரு மணி நேரத்துக்குள் பாலிஷானன். டெர்ரி வரை போய்விடக் கூடாது, அதுவும் வடக்குதான். கார்க்கிலிருந்து டப்ளின் போகவே தேவையில்லை. 51-ஆம் எண் பஸ்ஸில் லிமெரிக் வழியாகக் கால்வே, அங்கே இறங்கி அதே 64. நீண்ட பயணம், ஆனால் ஒரு மாற்றம்தான். வங்கி விடுமுறைத் திங்களன்று ஞாயிற்றுக்கிழமை நேர அட்டவணைதான் ஓடும். திரும்பும் பஸ் குறைவு, முன்பதிவு செய்துவிடுங்கள். 2025 ஜனவரியில் பெல்ஃபாஸ்டின் அல்ஸ்டர் ஹாலுக்கு வெளியே நிறுவிய சிலையையும் பார்க்க ஆசை இருந்தால், அதற்குப் பிரிட்டன் விசா கையில் வந்த பிறகு தனியாக ஒரு பயணம் வைத்துக்கொள்ளுங்கள். வடக்கிலிருந்து திரும்பும்போது அயர்லாந்து வசிப்பு அட்டையும் காலாவதியாகாமல் கையோடு இருக்க வேண்டும்.