இடது பக்கப் படத்தை நம்பி மூன்று தடவை பிராட்வே

சென்னை பிராட்வேயில் பழைய துப்பாக்கி ஒன்று வாங்கப் போய், ஆயிரம் ரூபாய் நஷ்டத்தோடு தப்பித்தேன். மூன்று நாள் லீவு போனது தனிக்கணக்கு.

அப்பாவின் 12 போர் ஷாட்கன் (போர் என்றால் குழலின் உள்ளளவு) ஏற்கெனவே என் லைசென்ஸில் இருக்கிறது. 2019 ஆயுதச் சட்டத் திருத்தத்துக்குப் பிறகு ஆளுக்கு இரண்டு துப்பாக்கிதான் என்பதால், மிச்சமிருக்கும் ஒரு இடத்தில் எதை வைப்பது என்று ரொம்ப நாளாக யோசனை. .315 ரைஃபிள் வாங்க அனுமதியும் கிடைத்துவிட்டது. அந்த நேரம் பார்த்து பிராட்வே பக்கம் ஒரு கடையிலிருந்து வாட்ஸ்அப்பில் படம். "பழைய மிலிட்டரி பீஸ் சார், .315 தான். பெரம்பூர் ரயில்வே குடும்பத்துது. 80 ரூபா." 80 என்றால் 80 ஆயிரம்.

படத்தைப் பார்த்ததும் காலேஜ் என்.சி.சி.யில் தூக்கிய த்ரீ நாட் த்ரீ (.303, பழைய ராணுவ லீ-என்ஃபீல்ட் ரைஃபிள்) ஞாபகம் வந்துவிட்டது. அதே மொட்டை மூக்கு, குழலின் நுனிவரை அதே கட்டை. சிவிலியனுக்கு விற்கும் ஸ்போர்ட்டிங் .315-இல் கட்டை பாதியிலேயே நின்றுவிடும் என்பது எனக்குத் தெரியாத விஷயமில்லை. ஆசை கண்ணை மறைத்துவிட்டது. 5 ஆயிரம் அட்வான்ஸ் அனுப்பினேன்.

முதல் தடவை போனபோது லைசென்ஸ் ஒரிஜினல் கொண்டு போகவில்லை. ஜெராக்ஸைக் காட்டினால் துப்பாக்கியைத் தொடவே விடமாட்டார்கள். தண்டையார்ப்பேட்டைக்குத் திரும்பி வந்தேன். இரண்டாம் தடவை ஒரிஜினல் இருந்தது, ஆனால் லாக்கர் திறக்கவில்லை. துப்பாக்கியின் சொந்தக்காரர் இறந்துபோய், வீட்டார் அதைக் கடையில் டெபாசிட் செய்திருக்கிறார்களாம். அவர்களுடைய சம்மதக் கடிதம் இன்னும் வரவில்லை. "இதை போன்லயே சொல்லியிருக்கலாமே பாய்?" என்றேன். "நீங்க கேக்கலியே சார்."

மூன்றாம் தடவை மாமாவையும் கூட்டிக்கொண்டு போனேன். பெரம்பூர் லோகோ ஒர்க்ஸில் ஃபிட்டராக இருந்து ரிட்டயர் ஆனவர். காதில் பென்சிலும் பையில் வெர்னியரும் (தடிமன் அளக்கும் கருவி) இல்லாமல் கல்யாணத்துக்குக்கூடப் போகமாட்டார்.

தோட்டா இல்லை என்று கடைக்காரர் திறந்து காட்டிய பிறகு கையில் வாங்கினேன். படத்தில் வராத வலது பக்கத்தில்தான் எல்லாம் இருக்கிறது. போல்ட் கைப்பிடிக்குக் கீழே, கட்டையின் கழுத்தைச் சுற்றிய இரும்புப் பட்டையில் கிரீடம், அதன் கீழ் ஜி.ஆர்.ஐ. (ஜார்ஜ் ராஜா, சக்கரவர்த்தி என்பதன் லத்தீன் சுருக்கம்), பிறகு இஷாப்பூர். ஆக, வங்காளத்து இஷாப்பூர் துப்பாக்கித் தொழிற்சாலையில் செய்தது. அதே ராஜா காலத்தில் இங்கிலாந்தில் செய்ததில் வெறும் ஜி.ஆர். இருக்கும். இந்த மாடலில் யாராவது வி.ஆர். (விக்டோரியா ராணி) என்று காட்டினால் பேசாமல் வெளியே வந்துவிடுங்கள். விக்டோரியா ராணி இறந்தது 1901, இந்த மார்க் 3 லீ-என்ஃபீல்ட் வந்தது 1907. ஆப்கான் எல்லைப்புறப் பட்டறைகளில் செய்த நகல்களில்தான் அந்தக் கூத்து நடக்கும்.

அதுவரை எனக்கு ஒரே குஷி. பிறகு நம்பர் பார்த்தேன். போல்ட்டில் ஒரு நம்பர், பாடியில் வேறு நம்பர். "நடுவுல மாத்தியிருப்பாங்க சார்." அங்கேயே விலை இறங்கவேண்டும், அவர் இறங்கவில்லை. மேகசினுக்குள் விரலை விட்டால் ஆழமே இல்லை, மரக்கட்டை வைத்து அடைத்திருந்தது. "சேஃப்டிக்கு" என்றார்.

மாமா போல்ட்டை உருவிவிட்டு செல்போன் டார்ச்சை அடித்தார். ரைஃபிள் என்றால் குழலின் உள்சுவரில் முறுக்கிக்கொண்டு ஓடும் வரிகள் இருக்க வேண்டும். இது சில்வர் டம்ளரின் உள்பக்கம் மாதிரி வழவழவென்று மின்னியது. தேய்ந்துபோயிருக்கும் என்று நானே கடைக்காரருக்காகப் பேசினேன். மாமா பதில் சொல்லாமல் காதிலிருந்த பென்சிலை எடுத்துக் குழல் வாயில் விட்டார். பென்சில் தடிமன் சுமார் 7 மில்லிமீட்டர், .315 என்பது 8. கொஞ்சமாக ஆட வேண்டிய பென்சில் லொடலொடவென்று ஆடியது. வெர்னியரில் பத்தரைக்குச் சற்றுக் குறைவு.

"மாப்ள, இது .410 மஸ்கட்டு."

வெள்ளைக்காரன் காலத்தில் போலீசுக்கும் காவலுக்கும் கொடுப்பதற்காக, த்ரீ நாட் த்ரீயை வரியில்லாத .410 குழலாக்கி, மேகசினை அடைத்து, ஒவ்வொரு தோட்டாவாகப் போடும்படி இஷாப்பூரில் மாற்றினார்கள். அதன் தோட்டாவும் தனி. த்ரீ நாட் த்ரீ தோட்டாவின் பித்தளைக் கூட்டையே கழுத்தைச் சுருக்காமல் விட்டது. கடையில் கிடைக்கும் .410 தோட்டா அந்த அறையில் சரியாக உட்காராது. சுடத் தோட்டா இல்லை, என் அனுமதியில் இருப்பதோ .315 ரைஃபிள். மாற்றாமல் த்ரீ நாட் த்ரீயாகவே இருந்திருந்தால் இன்னும் மோசம். அது தடைசெய்யப்பட்ட போர், என் மாதிரி ஆள் வைத்திருந்தாலே கேஸ். சிவிலியன் கைக்கு ராணுவத் தோட்டா போகக்கூடாது என்றுதானே அந்தக் காலத்தில் .315-ஐயே கொண்டுவந்தார்கள்.

இதை வாங்கியிருந்தால் அந்த இரண்டாவது இடம் ஒரு அலங்காரக் கட்டைக்குப் போயிருக்கும். பிற்பாடு விற்கலாம் என்றாலும் லைசென்ஸ் உள்ள ஒரு ஆள் கிடைக்க வேண்டும், அவர் அனுமதியில் இந்தப் போர் இருக்க வேண்டும். கிரீடத்தையும் வருஷத்தையும் அப்புறம் ரசிக்கலாம். முதலில் போர் என்ன, குழலுக்குள் வரி இருக்கிறதா, தோட்டா எங்கே கிடைக்கும் என்று கேளுங்கள். வலது பக்கப் படம் வராமல் பத்து பைசா அனுப்பாதீர்கள்.

அட்வான்ஸ் திரும்ப வாங்க ஒரு மணி நேரம் வாக்குவாதம். பில்லில் .315 என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தருவீர்களா என்று மாமா கேட்டதும் பாய் குரல் இறங்கியது. லாக்கர் வாடகை என்று ஆயிரம் பிடித்துக்கொண்டு 4 ஆயிரம் கொடுத்தார்.

போன வாரம் அதே நம்பரிலிருந்து மறுபடி ஒரு படம். அதே துப்பாக்கி, அதே இடது பக்கம். ரேட் மட்டும் 60.